விழுகிறவர்

பேசாத படங்களில் விழுகிறவர் விழுந்துகொண்டிருந்த பத்தொன்பது ஆண்டுகளில், அந்த ஊரில் யாருக்கும் ஓர் எலும்புகூட முறியவில்லை. ஓடு மாற்றுகிறவர் கூரையிலிருந்து விழுவார், மண்ணைத் தட்டிவிட்டு மறுபடி ஏணியில் ஏறுவார். எலும்பு வைத்தியர் பிழைப்பில்லாமல் குடை பழுதுபார்க்கப் போனார். ஞாயிறுதோறும் ஆலைத் தொழிலாளிகள் கொட்டகைக்குப் போவார்கள். படத்தில் மேலாளர் தள்ளிவிட, விழுகிறவர் படிக்கட்டில் உருண்டு, எழுந்து, தொப்பியைத் தூக்கி அவருக்கே வணக்கம் வைப்பார். திங்கட்கிழமை நிஜ மேலாளர் அதட்டும்போது அவர்களுக்குப் பயம் வராது, சிரிப்புத்தான் வரும்.

விழுகிறவரின் மனைவி படக் கம்பெனியில் உடை தைப்பவள். அவருக்கு இடது முட்டி கன்றியிருந்தால் கால்சட்டையின் இடது முட்டியில் பஞ்சு வைத்துத் தைப்பாள். மறுநாள் வலது முட்டி கன்றியிருக்கும். பதினோரு ஆண்டுகள் இப்படிப் பஞ்சும் கையுமாகக் காயத்தைத் துரத்தினாள், பாவம். ஒருநாள் அவர் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தார். தெருவில் தபால்காரர் சைக்கிளோடு சாய்ந்தார். கன்றியது இவர் இடுப்பு.

“ஏங்க, ஊர்ல விழறவங்க அடியெல்லாம் உங்க மேலயா வருது?”

“எனக்குத்தான் பழகிடுச்சே,” என்று திருதிருவென்று முழித்தார்.

பிறகு பேசும் படம் வந்தது. விழுகிறவர் வேண்டாம் என்று கம்பெனி வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. அவர் உடம்பு தேறியது. ஒன்பதாம் நாள் ஓடு மாற்றுகிறவருக்குக் கால் முறிந்தது. சொன்னால் கேட்கிற மனுஷனா விழுகிறவர்? ஷிஃப்ட் விடும் நேரத்துக்கு ஆலை வாசலுக்குப் போய், எல்லோரும் பார்க்க விழுந்தார். ஊரின் அடி மறுபடி அவர் மேலேயே வந்தது. அதற்கப்புறம் தினமும் விழுந்தார், கட்டிலைவிட்டு எழமுடியாமல் போகிறவரை.

“நாலு மணிக்கு ஷிஃப்ட் விட்டுடுவாங்களே,” என்று தவித்தார்.

அவள் பஞ்சு வைத்த அவருடைய கால்சட்டையை மாட்டிக்கொண்டு போய், ஆலை வாசலில் பொத்தென்று விழுந்தாள். யாரும் சிரிக்கவில்லை. விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து, ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். “இனிமே அவர் தாங்க மாட்டாருங்க.”

முதலில் ஓடு மாற்றுகிறவர் ஊன்றுகோலை வைத்துவிட்டு அவள் பக்கத்தில் விழுந்தார். அடுத்து எலும்பு வைத்தியர், தபால்காரர், மொத்த ஷிஃப்டும். மேலாளர் கைக்குட்டையை விரித்து அதன்மேல் விழுந்தார். ஊரின் அடி ஊருக்கே பங்காகி, ஆளுக்குக் கொசு கடித்த அளவுதான் வந்தது. மறுநாளிலிருந்து ஆலைச் சங்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே ஊதியது, எல்லோரும் விழ நேரம் வேண்டுமே.

அவள் வீட்டுக்கு வந்து பார்த்தாள். அவர் உடம்பில் ஒரு கன்றல்கூட இல்லை. கால்சட்டையைப் பிரித்து, அத்தனை வருஷத்துப் பஞ்சையும் எடுத்து அவருக்குத் தலையணை தைத்தாள்.

“எப்படி விழுந்தாங்க?”

“கேவலமா.”

“பழகிடும்,” என்று சொல்லிவிட்டு, அவர் அதில் தலைவைத்துத் தூங்கினார்.