ஒரே பாட்டின் பதினோரு இசைத்தட்டுகள்

1

இது கதையாகப் பிறக்கவில்லை, கடிதமாகத்தான் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

இலங்கை மலையகத்தில், பூண்டுலோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் பள்ளிக்கூட வாத்தியார். எழுதத் தெரியாதவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பதும் என் பாடுதான். இந்தியாவில் இருக்கும் அண்ணனுக்கு, ஆஸ்பத்திரியில் கிடக்கும் மகளுக்கு, பிரஜாவுரிமை கேட்டு அரசாங்கக் கச்சேரிக்கு என்று எழுதியிருக்கிறேன். அறுபத்திரண்டாம் வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பகலில் வேலாயி வந்தாள்.

"எங்க வீட்டுக்காரருக்கு ஒரு காயிதம் எழுதணுங்க."

"சிவசாமிக்கா? எங்கே போயிருக்கார்?"

"எங்கயும் போகலைங்க. வீட்டுலதான் இருக்காரு."

(முதல் பிரதியில், "மலை முகட்டில் மேகம் கவிந்து, மழை —" என்று ஆரம்பித்திருந்தேன். அடித்துவிட்டேன். அன்று நல்ல வெயில்.)

2

இனி வேலாயி நின்ற இடத்திலிருந்தே சொல்லிப் பார்க்கிறேன்.

அவள் புருஷன் சிவசாமி தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கும் ரோலர் மெசினை ஓட்டியவர். பத்தொன்பது வயதிலிருந்து அந்த இரைச்சலுக்குள்ளேயே நின்றவர். நாற்பத்தொன்பதாம் வருஷம் அட்டனில் பழைய சாமான் கடையொன்றில் ஒரு கிராமபோன் பெட்டி வாங்கினார். பஸ்ஸில் அதைப் பிள்ளையைப்போல மடியில் வைத்துக்கொண்டே வந்து சேர்ந்தார். அதன்பிறகு சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறெல்லாம் அட்டனுக்குப் போனார். போனால் ஒரு இசைத்தட்டு இல்லாமல் திரும்பமாட்டார்.

வேலை விட்டு வந்ததும் பீலியில் கொட்டும் ஓடைத் தண்ணீரில் குளிப்பார். நகக்கண்ணில் தேயிலைக் கறை போகிறவரை தேய்ப்பார். பிறகு பெட்டியை வாசலில் வைத்துச் சாவி கொடுத்து, புது ஊசி மாட்டுவார். ஒரு நாளைக்கு ஒரு தட்டுதான். முன்பக்கம் ஒரு பாட்டு, பின்பக்கம் ஒரு பாட்டு.

"இன்னொண்ணு போடேன்டா," என்பார் கந்தப்பன். அதே மெசினில் கூட வேலை செய்யும் கூட்டாளி. உட்காரும் பலகையும் கையுமாக நாள் தவறாமல் வந்துவிடுவார்.

"வயிறு முட்டத் தின்னா ருசி தெரியாதுடா."

கந்தப்பன் முணுமுணுத்துக்கொண்டே போவார். உள்ளே பாட்டுக்குக் காதைக் கொடுத்து நின்ற வேலாயிக்கு ரொட்டி கருகும். பழைய தேயிலைப் பெட்டியொன்றில், இடையிடையே சேலைக் கிழிசல் வைத்து, நாலு வருஷத்துக்குள்ளேயே நாற்பத்து மூன்று தட்டுகள் நிமிர்ந்து நின்றன. வரிசையாக ஒட்டிக் கட்டிய அந்த லயத்தில், வேறெந்தக் காம்பிராவிலும், அதாவது ஒற்றை அறை வீட்டிலும், இப்படியொரு சொத்து இல்லை.

3

ஐம்பத்தெட்டில் அவர் ஏற்கனவே இருந்த ஒரு தட்டையே மறுபடி வாங்கி வந்தார்.*

"இதுதான் இருக்கேங்க?"

"அது தேஞ்சு போச்சு. சத்தமே வரல."

வேலாயிக்கு நன்றாகத்தான் கேட்டது. ஆனால் பாட்டு விஷயத்தில் அவர் சொன்னால் சரியாக இருக்கும் என்று விட்டுவிட்டாள். நாலு மாதத்தில் இன்னொன்று வந்தது. அதுவும் தேய்ந்துவிட்டதாம். பிறகு ஊசி சரியில்லை என்றார், பெட்டியைப் பழுது பார்க்கக் கொடுத்தார். அறுபத்தொன்றில் அந்த ஒரே பாட்டு அவரிடம் பதினோரு தட்டாக இருந்தது.

* பாட்டின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் நீங்கள் அதைப் பாடத் தொடங்கிவிடுவீர்கள், வேலாயி சொல்வது காதில் விழாது.

4

அந்த வருஷம் ஆனி மாதத்தில் ஒரு சாயங்காலம் அவள் விறகுக் கட்டோடு வந்தாள். கந்தப்பன் நல்லதண்ணித் தோட்டத்துக்கு ஒரு சாவுக்குப் போயிருந்தார். சிவசாமி மட்டும் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

தட்டில் ஊசி சிக்கிக்கொண்டது. பாடுகிறவள் மூன்றே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது தட்டிவிடுவார், இப்போது தட்டிவிடுவார் என்று வேலாயி காத்திருந்தாள். அவர் கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அந்தத் தாளம் சிக்கவில்லை. பல்லவி முடிந்து, சரணம் முடிந்து, பாட்டு எங்கே ஏறி எங்கே இறங்குமோ அங்கெல்லாம் ஏறி இறங்கிப் போய்க்கொண்டிருந்தது.

அவள் தலையிலிருந்த கட்டை இறக்கவில்லை. "ஏங்க," என்றாள். பிறகு முதுகுக்குப் பின்னால் வந்து நின்று, இன்னும் சத்தமாக, "ஏங்க!" என்றாள். அவர் திரும்பவில்லை.

அதற்கப்புறம்தான் ஒவ்வொன்றாக அவளுக்கு விளங்கியது. பேசுகிறவர் வாயையே ஏன் பார்க்கிறார், எதைக் கேட்டாலும் ஏன் சிரித்துத் தலையாட்டுகிறார் என்பதெல்லாம்.

மறுநாள் டீமேக்கர் ஐயாவிடம் சொல்லிவிடலாம் என்று தொழிற்சாலை வாசல்வரை போனாள். அந்த ஐயாதான் அங்கே எல்லாம். சொன்னால் மெசினைவிட்டு இறக்கி மலையில் மண்வெட்டப் போட்டுவிடுவார்கள். ஊருக்கெல்லாம் செவிடன் என்று பேராகிவிடும். அந்தப் பெட்டிக்கு முன்னால் அவரால் இனி உட்கார முடியுமா?

திரும்பிவிட்டாள்.

5

ஆறு வாரம் போனது.

(இங்கே ஒரு பக்கம் எழுதிக் கிழித்தேன். இரத்தம் அதிகமாகிவிட்டது. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.)

மெசினுக்குள் கட்டிக்கொண்ட கொழுந்தைக் கந்தப்பன் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார். வலது கை உள்ளே மாட்டியது. "நிறுத்துடா, சிவசாமி, நிறுத்து!" மெசினை நிறுத்த பெல்ட்டைத் தள்ளிவிடும் கட்டைக்குப் பக்கத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு சிவசாமி நின்றிருந்தார். சல்லடைப் பக்கம் நின்ற ராக்காயி ஓடிவந்து தோளைப் பிடித்து உலுக்கிய பிறகுதான் திரும்பினார். அதற்குள் மூன்று விரல் போய்விட்டது.

மறுநாள் ஆபீசில் விசாரணை. வேலாயி கதவோரம் நின்றாள். டீமேக்கர் ஐயா எழுதிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டார்.

"குடிச்சிருந்தியா?"

குனிந்த வாயை எப்படிப் பார்ப்பது? சிவசாமி சிரித்துத் தலையாட்டினார்.

"கூட வேலை செய்றவன் கை போயிருக்கு. சிரிக்கிறியா?"

அதற்கும் தலையாட்டினார்.

வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொடாத மனிதர். அவள் வாயைத் திறக்கவில்லை. இப்போது சொன்னால், முந்தியே தெரியுமா என்று கேட்பார்கள். தெரியும் என்றால் அந்த மூன்று விரலும் அவள் கணக்கு.

6

சிவசாமியை மெசினிலிருந்து எடுத்து எப்படியும் மலைக்குத்தான் அனுப்பினார்கள். கந்தப்பன் நோட்டன் பிரிட்ஜில் இருந்த மகள் வீட்டுக்கே போய்விட்டார். போகுமுன் லயத்து முற்றத்தில் நின்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "குடிச்சிருந்தாலும் என் கூப்பாடு கேக்கலியாடா?"

இந்த இடத்தில் எனக்குச் சிவசாமிமேல் சந்தேகம் வருகிறது. ஆபீசில் என்ன கேட்டார்கள் என்று அவருக்கு உண்மையிலேயே தெரியாதா? குடிகாரன் என்ற பேர் பரவாயில்லை என்று தெரிந்தே ஆட்டிய தலையா அது? கதாபாத்திரத்தை எழுதுகிறவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியாது. வேலாயிக்கும் தெரியாது.

"கேட்டுப் பாக்கலாமே," என்றேன், அந்த ஞாயிற்றுக்கிழமை வேலாயியிடம்.

"எப்புடிங்க கேக்குறது? அவரு காதுல விழற மாதிரி கத்துனா, சுவத்துக்கு அந்தப் பக்கம் எட்டுக் காம்பிராவுக்கும் கேக்கும். கையாலதான் பேசிக்கிறோம். சோறு, தண்ணி, படுக்கைன்னு. இதக் கையால சொல்ல முடியுங்களா?"

சிவசாமிக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். அதற்காகத்தான் கடிதம்.

"உங்களுக்குக் காது கேட்காதென்று எனக்கு —" என்று எழுதினேன். "வேணாங்க," என்றாள். "கந்தப்பன் அண்ணன் கைக்கு முன்னாடியே நான் —" என்று எழுதினேன். அழுதாள். ஒருவழியாக முடித்துப் படித்துக் காட்டினேன்.

"இதப் படிச்சாருன்னா, நான் பாத்துட்டேன்னு தெரிஞ்சிரும். அப்புறம் யாருக்குங்க அவரு பாட்டுப் போடுவாரு?" தாளை என் பக்கமே தள்ளினாள். "உங்ககிட்டயே இருக்கட்டும். யாருக்கும் சொல்லிராதீங்க."

நான் சொல்லவில்லை. மூன்று வருஷம் சொல்லவில்லை. எனவே நானும் இந்தக் கதைக்கு வெளியே இல்லை.

7

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில், சிவசாமி கடிதத்தைப் படித்துவிட்டு வேலாயியின் கையைப் பிடித்து அழுகிறார். பொய். அவர் அழுது நான் பார்த்ததில்லை.

இன்னொன்றில், பஸ்ஸேறி நோட்டன் பிரிட்ஜுக்குப் போய்க் கந்தப்பனிடம் உண்மையைச் சொல்கிறார். இதுதான் எனக்குப் பிடித்திருந்தது. பஸ்ஸில் ஜன்னலோர இடம்கூடக் கொடுத்திருந்தேன். போன தை மாதம் அந்த முடிவும் அடைபட்டது. கந்தப்பன் நெஞ்சுவலியில் செத்துப்போனதாகத் தகவல் வந்தது.

அன்று மட்டும் வேலாயி கத்தினாள்.

"கந்தப்பன் அண்ணன் செத்துட்டாருங்க!"

லயமே கேட்டு வெளியே வந்தது. சிவசாமி அவள் வாயைப் பார்த்தார். தலையாட்டினார். போய்க் குளித்தார். பெட்டியை வாசலுக்குக் கொண்டுவந்து சாவி கொடுத்தார்.

"கூட்டாளி செத்த அன்னிக்குப் பாட்டுப் போடுறான் பாரு, கல்நெஞ்சுக்காரப் பய," என்று யாரோ காறித் துப்பினார்கள்.

செய்தி அவருக்கு விளங்கவில்லையா? விளங்கித்தான் போட்டாரா? கடிதத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஓடினேன். என்னைக் கண்டதும் பக்கத்தில் உட்காரச் சொல்லிக் கைகாட்டினார். உட்கார்ந்தேன். பாட்டு முழுவதும் ஓடியது. வேலாயி கதவைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். கொடு என்றாளா, கொடுக்காதே என்றாளா, அந்தப் பார்வையை என்னால் வாசிக்க முடியவில்லை.

ஊசியைத் தூக்கிவிட்டு, சிவசாமி என் வாயைப் பார்த்துக் கேட்டார்:

"எப்புடிங்க வாத்தியாரே, நல்லாக் கேட்டுச்சா?"

நான் சொன்ன பதிலை நாலு தடவை எழுதி நாலு தடவையும் அடித்துவிட்டேன். நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் பலமாகத்தான் சொல்ல வேண்டும். எட்டுக் காம்பிராவிலும் ஆட்கள் இருக்கிறார்கள்.