ஜம்புநாதனின் மாமரம்

டெல்லி பழ ஆராய்ச்சிப் பண்ணையில் ஜம்புநாதன் இரண்டு ரகங்களைக் கலந்து உருவாக்கிய மாமரம், அவர் இறந்த பிறகு 1998இல்தான் முதன்முதலாகக் காய்த்தது. உடன் வேலை செய்த ராஜலக்ஷ்மி பழத்தை அறுத்தபோது சதை அடர்ந்த ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. அந்த நிறத்தைத் தருவதும் கண்பார்வையைக் காப்பதுமான கரோட்டின் அதில் மிக அதிகம் என்று சோதனைக்கூடம் சொன்னது. ரகத்துக்கு அவர் பெயரையே வைக்கும் எண்ணத்தோடு, சில பழங்களை எடுத்துக்கொண்டு ஜனக்புரியில் இருந்த அவர் வீட்டுக்குப் பஸ் ஏறினாள்.

ஜம்புநாதனின் மனைவி இந்திராணி ஒரு துண்டை மெதுவாகத் தின்றாள். கண் கலங்கியிருந்தது.

"நெறம் அவர் சொன்ன மாதிரியே வந்திருக்கு. ஆனா ருசி இல்லியே, ராஜி. குழந்தைங்க இதைச் சாப்பிடாது."

"அவர் பேரை வைக்கலாம்னு இருந்தேன்க்கா."

"அவரே ஒத்துக்க மாட்டார்."

முதல் துண்டிலேயே ராஜலக்ஷ்மிக்கும் அது தெரிந்திருந்தது. சொல்லத்தான் மனம் வரவில்லை.

அந்த ரகத்தை வெளியிட அவள் பரிந்துரைக்கவில்லை. மரத்தை வெட்டவும் விடவில்லை. மாசியில் அது பூத்தபோது அதன் மகரந்தத்தை எடுத்து, தித்திப்பான தசேரி ரக மாமரத்தின் பூக்களில் தன் கையாலேயே தடவினாள். அதில் பிறக்கும் கன்று வளர்ந்து காய்க்கும்போது அவள் ஓய்வு பெற்றிருப்பாள்.