தள்ளிப்போட்ட ஸ்கான்

சூசைதாசன் அந்தப் பொய்யைத் தேநீர் ஆற்றிக்கொண்டே சொன்னான்.

"ராணி, ஆசுபத்திரியில ஸ்கான் திகதியை மாத்திப்போட்டினம். மூண்டு கிழமை பிந்தியாம்."

மாற்றியது அவன்தான். மனைவி விமலராணிக்கு ஈரல் மாற்றி ஐந்து மாதம். டென்மார்க்கின் சிற்றூரான கிரின்ஸ்டெட்டிலிருந்து ஒவ்வொரு முறையும் அவன்தான் தூரத்து ஆசுபத்திரிக்குக் காரில் கூட்டிப்போக வேண்டும். தொழிற்சாலையில் எத்தனை லீவு கேட்டாயிற்று! போன மாதம்தான் ஒரு லைனுக்கு அவனைப் பொறுப்பாக்கியிருந்தார்கள். மறுபடியும் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க வெட்கமாக இருந்தது. போனில் இரண்டு நிமிடம் பேசினான், திகதி மாறிவிட்டது.

இரண்டாம் கிழமை அவளுக்குக் கால் வீங்கியது. "உப்பைக் குறைச்சுச் சாப்பிடும்" என்றான். பிறகு வயிறும் ஊதியது. சட்டைப் பொத்தான் பூட்ட முடியாமல் அவள் நின்றபோதுதான் பயந்துபோய்க் காரை எடுத்தான்.

ஸ்கானைப் பார்த்த பெண் டாக்டர் டேனிஷில் நிதானமாக விளக்கினார். புது ஈரலிலிருந்து இரத்தம் வெளியேறும் நாளம், தைத்த இடத்தில் ஒடுங்கிவிட்டது. இரத்தம் ஈரலிலேயே தேங்குகிறது. கழுத்து நாளம் வழியாகக் குழாய் விட்டு, பலூனால் விரித்து, ஸ்டென்ட் வைக்க வேண்டும். பிறகு கணினியைப் பார்த்தார்.

"திகதியை நீங்கள் தள்ளிப்போட்டிருக்கிறீர்கள். முதலே வந்திருந்தால் வீங்க முன்பே கண்டிருக்கலாம்."

விமலராணி பதினெட்டு வருடம் முதியோர் இல்லத்தில் வேலை செய்தவள். டேனிஷ் அவனைவிட அவளுக்கு நன்றாக விளங்கும். அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

அவளை உள்ளே கொண்டுபோன பின் ஒன்றரை மணி நேரம் வெளியே நின்றான். செபிக்க வாய் வரவில்லை. எந்த முகத்தோடு கேட்பது? கடைசியில் டாக்டர் வந்தார். நாளம் விரிந்துவிட்டது, அழுத்தமும் இறங்கிவிட்டது என்றார்.

கட்டிலருகே போனான். "நான்தான் மாத்தினனான், ராணி. வேலையில கேக்க வெக்கமாக் கிடந்தது."

"விளங்கினது." கழுத்தில் பிளாஸ்டர், குரல் மெதுவாக வந்தது. "என்னட்டைக் கேட்டிருந்தா, சரி, பிறகு போவம் எண்டுதான் நானும் சொல்லியிருப்பன். ஏன் பொய் சொன்னனீங்கள்?"



ஒரு கிழமையில் வீக்கம் வற்றத் தொடங்க, வீட்டுக்கு விட்டார்கள். காரில் ஏறியதுமே ஹோர்சன்ஸில் இருக்கும் மகள் ஷாமிலாவுக்குப் போன் எடுத்து, அடுத்த ஸ்கானுக்குத் தன்னைக் கூட்டிப்போகச் சொன்னாள்.

"நான் லீவு எடுக்கிறன்" என்றான்.

"வேண்டாம். நீங்கள் வேலைக்குப் போங்கோ."

கோபமே இல்லாமல் சொன்னாள். ஏசியிருந்தால் அவன் தாங்கியிருப்பான்.