தகட்டில் எழுநூற்றைம்பது

விடியுமுன்பே தேய்ப்புக் கூடத்தில் ஏழு இஸ்திரிப் பெட்டிகள் சூடேறிவிட்டன. தேய்க்க வேண்டிய சட்டைகள் மலையாய்க் குவிந்திருந்தன. ஆவியில் முகம் வெந்து, முதுகு விண்விண்ணென்று தெறிக்க, அவள் காலர்களை அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தாள். முதல் மேசை மட்டும் கரி படிந்து காலியாகக் கிடந்தது. அது அவளுடைய நாத்தனாரின் மேசை. நேற்று அங்கே கம்பி உருகித் தீப்பிடித்ததில் நாத்தனாரின் வலது கை முழங்கை வரை வெந்துபோனது.

"ஈரக் கையோட தொட்டிருக்கா," என்று முதலாளி அப்போதே தீர்ப்பெழுதிவிட்டார். எல்லாரும் சாட்சிக் கையெழுத்துப் போட ஒரு தாளும் தயார். போட்டுவிட்டால் நாத்தனாருக்கு வைத்தியச் செலவும் கிடையாது, வேலையும் கிடையாது.

ஆஸ்பத்திரியில் நாத்தனாரும் "என்னாலதானா அண்ணி?" என்றுதான் அழுதாள். அவசரக்குடுக்கை, தண்ணீர் தெளித்த கையைத் துடைக்காமல் சுவிட்சைத் தட்டியிருப்பாளோ என்று இவளுக்கும் உள்ளூரச் சந்தேகம். இங்கே யாரைத்தான் நம்புவது? எதிர் மேசைக்காரர் காதில் விழுவதெல்லாம் முதலாளி அறையில் ஒலிக்கும்; அவருக்கு 'வானொலி' என்றே பெயர். நேற்றிரவே கம்பியை மாற்றிவிட்டு, இப்போது சோதிக்க வந்த எலக்ட்ரீஷியனோ முதலாளி அனுப்பிய ஆள். அவர் மீட்டரை எடுத்ததும் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"என்னத்த அளக்கறீங்க? நாங்களும் பாக்கலாமில்ல?"

"பாருங்கம்மா. வோல்ட் இருநூத்தி முப்பது. உங்க பெட்டி இழுக்கறது அஞ்சு ஆம்பியர். வோல்ட்டை ஆம்பியரால வகுத்தா உள்ளே இருக்கற சுருளோட தடை, நாப்பத்தாறு ஓம். ரெண்டையும் பெருக்கினா எத்தனை வாட் தின்னுதுன்னு தெரிஞ்சிடும்."

துணியில் குறியிடும் சாக்கட்டியால் அவள் மேசைமேலேயே பெருக்கினாள். ஆயிரத்து நூற்றைம்பது. பெட்டியின் தகட்டில் பொறித்திருந்ததோ எழுநூற்றைம்பது வாட். போன மாதம் இந்தப் புதுப் பெட்டிகள் வந்தபோது, ஒரே இழுப்பில் சுருக்கம் போகிறதென்று எல்லாரும் புகழ்ந்து தள்ளினார்கள். அவளும்தான் புகழ்ந்தாள்.

"என்னோடது மட்டும் கோளாறா இருக்கலாமே? எல்லாத்தையும் அளங்க."

மூலையில் எடுத்து வைத்திருந்த நாத்தனாருடையதையும் சேர்த்து எட்டும் அதே ஐந்து ஆம்பியர்.

எலக்ட்ரீஷியனின் முகம் வெளுத்தது. "எட்டும் சேர்ந்தா நாப்பது. இந்தக் கம்பி முப்பதுதான் தாங்கும். மொத்தப் பாரமும் முதல் மேசை வழியாத்தான் வருது. தகட்டுக் கணக்குக்கு எட்டுக்கும் இருபத்தாறுதான் வரும்; அதை நம்பிப் போன மாசமும் நேத்தும் நான்தான்மா இதே கம்பியைப் போட்டேன். இப்ப ஓடற ஏழுக்கே முப்பத்தஞ்சு. நிறுத்துங்க!"

நாத்தனாரைச் சந்தேகித்தோமே என்று அவள் தன்னையே நொந்துகொண்டாள். அதற்குள் முதலாளி வந்துவிட்டார்.

"என்ன கூட்டம் இங்கே?"

"தகட்டுல இருக்கறது பொய் முதலாளி. கம்பி தாங்காமத்தான் எரிஞ்சிருக்கு," என்றாள் அவள்.

"மீட்டர் கெட்டுப்போயிருக்கும்."

"அப்ப வேற மீட்டர் கொண்டு வந்து எங்க கண்ணு முன்னால அளங்க."

"கணக்குப் போடறதுக்கா உனக்குக் கூலி?" அவர் வானொலியின் பக்கம் திரும்பினார். "நீ சொல்லுய்யா. ஈரக் கைதானே?"

வானொலி தன் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார்.

"ஈரக் கைன்னு உங்ககிட்ட வந்து சொன்னவனே நான்தாங்க. பாக்காமலே சொல்லிட்டேன். இனி வாய் திறந்தா இந்தக் கணக்கைத்தான் சொல்லுவேன்."

ஒவ்வொரு பிளக்காகக் கழன்றது.

"எல்லாரும் வெளியே போங்க! ஒருத்தருக்கும் வேலை கிடையாது!"

"போறோம்," என்றாள் அவள். "தொழிற்சாலை ஆய்வாளர்கிட்ட எல்லாருமாத்தான் போறோம். ஆனா முதல்ல ஆஸ்பத்திரிக்கு. தன் மேலதான் தப்புன்னு ஒருத்தி அங்கே அழுதுக்கிட்டிருக்கா."

எலக்ட்ரீஷியன் மீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு அவர்களோடு நடந்தார்.