அடியில் என்ன போட்டிருக்கீங்க?

எங்கள் பக்கத்தில் குளத்தை யாரும் வெட்டுவதில்லை. தோட்டத்தில் பள்ளம் தோண்டி, அடியில் எதையாவது பரப்பி வைத்தால் போதும், குளம் தானாக வந்து பார்க்கும். பிடித்திருந்தால் படுத்துக்கொள்ளும். பிடிக்காவிட்டால் விடிந்ததும் மீன்களைக் கூட்டிக்கொண்டு எழுந்து போய்விடும். குறை சொல்லாது, முகம் சுளிக்காது. மரியாதை என்றால் அதுதான் மரியாதை. ஆனால் மூன்று குளங்கள் எழுந்து போன வீட்டில் பள்ளத்தை மூடிவிட வேண்டும். அப்புறம் அந்த வாசலை ஒரு குட்டைகூட எட்டிப் பார்க்காது.

பூவாத்தாள் வீட்டிலிருந்து இரண்டு போய்விட்டன. முதல் குளத்துக்கு அவள் ஆசை ஆசையாகப் பளபளவென்று டைல்ஸ் பதித்திருந்தாள். பாவம், அது ராத்திரி முழுக்க இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் வழுக்கிக்கொண்டே கிடந்துவிட்டு, இடுப்பைப் பிடித்தபடி எதிர்வீட்டுக் கனகமணியின் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டாவதற்குச் செம்மண் போட்டாள். அது புரண்டு படுக்கும்போதெல்லாம் கலங்கியது. சுத்தமான இடத்தில் பிறந்து வளர்ந்த குளம், அதற்குத் தாங்குமா?

பூவாத்தாளுக்குக் குளம் எதற்கு என்று கேட்டால், அழகுக்கு இல்லை. அவள் வீட்டுக்காரர் ராக்கியப்பன் காலமெல்லாம் டவுன் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மனிதருக்குத் தூக்கம் இல்லை. கட்டில் ஒரே இடத்தில் நிற்கிறதே, எப்படித் தூங்குவது? கண் இரண்டும் மிளகாய்ப்பழமாய்ச் சிவந்துவிட்டன. ஒருநாள் அடுத்த தெருவில் குளம் படுத்திருந்த ஒரு வீட்டுச் சுவரோரம் நின்று தண்ணீர்ச் சத்தம் கேட்டபோது அவர் ஒரு கொட்டாவி விட்டார். பூவாத்தாள் அதைத் தன் கண்ணால் பார்த்தாள். அந்த ஒற்றைக் கொட்டாவியை நம்பித்தான் இத்தனை பாடும்.

மூன்றாவது முறைக்கு ராக்கியப்பனே இறங்கினார்.

"ஏம்புள்ள, அது படுக்கப் போற எடத்துல நாம ஒருக்காப் படுத்துப் பாக்க வேண்டாமா?" என்றார்.

வண்டி எடுப்பதற்கு முன்னால் சீட்டில் உட்கார்ந்து பார்க்கிற மனிதர் அல்லவா. பூவாத்தாளுக்கு அவர்மேல் எப்போதுமே பெருமைதான், அன்றைக்கு அது இரண்டு மடங்கானது. ஜல்லியைக் கொட்டிப் படுத்தார், முதுகில் குத்தியது. மணலைக் கொட்டிப் படுத்தார், காதுக்குள் போனது. நமக்குப் போனால் மீனுக்கும் போகும் என்று வாரிப் போட்டார். கடைசியில் பழைய சாக்கை விரித்து, அதன்மேல் கெட்டியான தார்ப்பாய் போட்டு, அதற்கும் மேலே உருண்டையான ஆற்றுக் கூழாங்கற்களை ஒரே ஒரு அடுக்கு பரப்பினார். அதற்கு மேல் போட்டால் இடுக்கில் அழுக்குச் சேருமாம். அந்தக் கற்களைத் தண்ணீர் தெளியும்வரை பூவாத்தாள் அலசி அலசிக் கொடுத்தாள்.

ராக்கியப்பன் படுத்தார். இடதுபக்கம் ஒருமுறை அசைந்தார், வலதுபக்கம் ஒருமுறை அசைந்தார்.

"இது பரவால்ல," என்றார். கண்ணை மூடினார். குறட்டை வந்தது.

அந்தக் குறட்டையைக் கேட்டுப் பூவாத்தாளுக்குக் கண் கலங்கிவிட்டது. அதே நேரத்தில்தான் கேட்டைத் தள்ளிக்கொண்டு மூன்றாவது குளம் வந்தது. என்ன ஒரு நடை! வாசலிலிருந்து தோட்டம்வரை ஒரு சொட்டு சிந்தவில்லை. அல்லி இலைகளைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்தது. பின்னால் மீன்கள் வரிசையாக வந்தன.

பூவாத்தாள் தவித்துப்போனாள். அவரை எழுப்பினால் தூக்கம் போய்விடும். எழுப்பாவிட்டால் குளம் போய்விடும், பள்ளத்தையும் மூட வேண்டும். அவள் எழுப்பவில்லை. குளம் போனால் போகட்டும் என்று முந்தானையை இறுக்கிக்கொண்டு நின்றாள்.

குளம் வழக்கப்படி கேட்டது. "அடியில என்ன போட்டிருக்கீங்க அம்மிணி?"

"கீழ சாக்குங்க. அதுக்கு மேல தார்ப்பாய். அதுக்கு மேல கூழாங்கல்லு." பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. "அதுக்கு மேல எங்க வீட்டுக்காரருங்க."

குளம் குனிந்து அவரைப் பார்த்தது. "குத்துவாருங்களா?"

"ஐயோ, மெதுவான மனுசனுங்க. இத்தன வருசத்துல ஒரு சொல்லுகூடக் குத்துனதில்லைங்க."

குளம் மெல்ல இறங்கி அவர்மேல் படுத்துக்கொண்டது. மறுநாள் விடிந்தும் எழுந்து போகவில்லை. குறட்டை குமிழி குமிழியாக மேலே வந்ததால், தண்ணீருக்குக் காற்று விடத் தனியாக மோட்டார் வாங்கும் வேலையும் மிச்சமாயிற்று.

அதற்குப் பிறகு பூவாத்தாள் அந்தக் குளத்தை வைத்துக்கொண்ட சுத்தம் இருக்கிறதே, ஊரே பார்க்க வந்தது. புங்க இலை விழுந்தால் அழுகுவதற்குள் வலையால் எடுத்துவிடுவாள். மீனுக்குத் தின்கிற அளவுதான் தீனி. தண்ணீரையும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மாற்றுவாள்.

"அக்கா, மாமா மீசையில பாசி புடிச்சிருக்குது, பிரஷ் போட்டுத் தேச்சு விடுங்க," என்றாள் கனகமணி.

"இருக்கட்டும் கண்ணு. எல்லாத்தையும் தேச்சு எடுத்துட்டா தண்ணி கெட்டுப்போயிரும்."

ஒரு சாயங்காலம் ராக்கியப்பன் எழுந்தார். கண் இரண்டும் பளிச்சென்று வெளுத்திருந்தன. ஒரு டீ குடிக்க வேண்டும் போலிருக்கிறது என்றார். தூக்கத்தில் இருந்த குளத்தைக் கலையாமல் மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார். மீன்களும் கூடவே போயின. பூவாத்தாள் அவருடைய துண்டை எடுத்துக் கூழாங்கற்களின்மேல் போட்டுவிட்டுக் கரையில் உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டிலிருந்து அந்த முதல் குளம் தெருவைத் தாண்டி வந்தது. பள்ளத்தை எட்டிப் பார்த்தது. துண்டைப் பார்த்தது.

"ஆள் வருதுங்களா?" என்று கேட்டது.

"வருதுங்க," என்றாள் பூவாத்தாள்.

குளம் தலையாட்டிவிட்டு, முருங்கைக் கிளையைப் பிடித்தபடி நின்றுகொண்டது.