ரெண்டு குத்துக்கு மேல் கூடாது

வார்டில் எல்லாரும் மிளகா என்று கூப்பிடும் அந்த நர்ஸுக்குக் கோபம் வந்தால், ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் ஆறிவிடும். இந்தக் கோபம் மட்டும் ஆறவில்லை. ஆறவிட அவளுக்கும் இஷ்டமில்லை. தினமும் விறகு தள்ளி எரியவைத்துக்கொண்டிருந்தாள்.

நடந்தது இதுதான். வருஷத்துக்கு ஒரு தடவை நர்ஸுகள் ஒவ்வொரு வேலைக்கும் தங்களுக்குத் தாங்களே மார்க் போட்டுக்கொள்ள வேண்டும். பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான் என்றால் ஒன்று. பக்கத்தில் ஆள் நின்றால் செய்வேன் என்றால் இரண்டு. தனியாகச் செய்வேன், மூன்று. அடுத்தவருக்கே சொல்லித் தருவேன், நான்கு. நோயாளி கை நரம்பில் கேனுலா, அதாவது மருந்து இறக்கும் சின்னக் குழாய், ஏற்றும் வேலைக்கு மிளகா மூன்று போட்டாள். பொய்யில்லை. கிடைக்காத நரம்பைக்கூட விரல் நுனியால் தடவியே கண்டுபிடிக்கிறவள் அவள். அதில் மூன்று இருந்தால்தான் ஐசியூ பயிற்சிக்கு அனுப்புவார்கள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் ஏங்கிக் கிடந்தது அந்தப் பயிற்சிக்குத்தான்.

வார்டு இன்சார்ஜ் பெரியக்கா அந்த மூன்றை அடித்து ஒன்று ஆக்கிவிட்டார்.

காரணம்? முந்தின வாரம் ஒரு பெரியவருக்கு மிளகா இரண்டு தடவை குத்திப் பார்த்தாள். நரம்பு நழுவிக்கொண்டே போனது. நிறுத்திவிட்டு இன்னொருத்தியைக் கூப்பிட்டாள். ஒரே ஆள் இரண்டு குத்துக்கு மேல் குத்தக் கூடாது என்பது ஆஸ்பத்திரி விதி. மருந்து அலமாரிக்கு மேலே கொட்டை எழுத்தில் ஒட்டியே இருக்கிறது. அதற்குத்தான் பெரியக்கா, பெரியவரின் மகன் மருமகள் எல்லாரும் நிற்க, குரலை உயர்த்தினார்.

"ரெண்டு குத்துக்கே கையத் தூக்கிட்ட. நீயெல்லாம் மூணு போட்டுக்குற! கண்ணாடில மூஞ்சியப் பாத்தியாடி?"

அந்த மருமகள் சிரித்த சிரிப்பு மிளகாவின் காதிலேயே குடியிருந்தது.

பெரியக்கா தனக்கு எல்லா வேலைக்கும் நான்கு போட்டுக்கொண்டார். அதைப் படித்த பயிற்சி மேடம், நான்கு போட்டவர்கள் புதன்கிழமை எல்லார் முன்னாலும் செய்து காட்டட்டும் என்று சொல்லிவிட்டார். பெரியக்காவுக்கு விழுந்தது கேனுலா.

"அது கேனுலா ஏத்தி நான் பாத்ததே இல்லடி" என்றாள் மிளகாவின் சிநேகிதி ஒல்லி. "ஆனா பழகுறதுக்குன்னு இருக்குற பிளாஸ்டிக் கைலதான காட்டப்போகுது. அதுல நரம்பு குழாய் மாதிரி இருக்கும். கண்ண மூடிட்டு ஏத்தலாம்."

"பிளாஸ்டிக் கைல காட்ட விட்டாத்தானே."

மிளகாவின் கையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். படிக்கிற காலத்தில் ஒருவர் கையில் ஒருவர் குத்திப் பழகும்போது, அவள் கையை நீட்டினாலே வகுப்பு தெறித்து ஓடும். நரம்பு அவ்வளவு ஆழம். "அதுவும் உன்ன மாதிரிதான், கூப்பிட்டா வராது" என்பாள் அம்மா.

புதன்கிழமை அவள் வாளித் தண்ணீரில் ஐஸ் பைகளைக் கொட்டி, இடது கையை முழங்கை வரை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பைத்தியமாடி? குத்து வாங்கப்போறது உன் கை!" என்றாள் ஒல்லி.

"வாங்குறேன். தேனுக்கு ஆசப்பட்டா கொட்டுக்குப் பயப்பட முடியுமா?" பல் கிட்டித்தது அவளுக்கு. "ஐஸ்ல நரம்பு இன்னும் உள்ள போயிடும், ஆனா நான் ஒண்ணும் கதவப் பூட்டலயே. வேல தெரிஞ்ச ஆளு ஜில்லுனு இருக்குற கையத் தொட்டதும் என்ன பண்ணும்? வெந்நீர்ல துணிய நனச்சுச் சுத்தும். நரம்பு தானா மேல வரும். தெரிஞ்சா தொறந்துட்டுப் போகட்டும்."

பயிற்சி அறையில் இடம் இல்லாமல் சுவரோரம் எல்லாம் ஆள். பெரியக்கா பிளாஸ்டிக் கையை எடுத்தபோது மிளகா எழுந்தாள்.

"மேடம், பெரியக்கா மாதிரி கைராசிக்காரங்க நெசக் கைல காட்டுனா எங்களுக்கு நல்லாப் புரியும். என் கைலயே காட்டச் சொல்லுங்க."

குரலில் தேன் சொட்டியது. அறையே தலையாட்டியது. பெரியக்காவால் மறுக்க முடியவில்லை.

ரப்பர் பட்டையைக் கட்டினார். தட்டினார். தடவினார். "என்னடி, கை பொணம் மாதிரி ஜில்லுனு இருக்கு?"

"ஏசி போட்டிருக்குல்லக்கா."

அவ்வளவுதான். வெந்நீர் கேட்கவில்லை, துணி கேட்கவில்லை. நேராகக் குத்தினார். ஊசி உள்ளே துழாவியது. ரத்தம் வரவில்லை, நரம்பு சிக்கவில்லை. மிளகாவுக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஆனாலும் முகத்தில் ஒரு சுளிப்புக் காட்டவில்லை. கொஞ்சம் மேலே, இரண்டாவது குத்து. தோலுக்கு அடியில் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியது.

"ரெண்டு ஆச்சுக்கா" என்றாள் மிளகா, எல்லாருக்கும் கேட்கும்படி.

பெரியக்காவின் மேலுதட்டில் வியர்வை. மூன்றாவது ஊசியைப் பிரித்தார். பயிற்சி மேடம் பார்ப்பதைப் பார்த்தார். ஊசியைத் தட்டில் வைத்தார்.

"வேற யாரையாவது கூப்பிடுங்க."

"சபாஷ்!" என்றார் மேடம். "கைய முதல்ல சூடு பண்ணியிருக்கணும், அது தப்பு. ஆனா ரெண்டோட நிறுத்துனீங்க பாருங்க, அதுதான் சரி. நல்ல நர்ஸுக்கு அழகே அதுதான்."

கைதட்டினார்கள். மிளகாவுக்கு ஒரு கணம் பூமி நழுவியது. குத்து வாங்கியது இவள், பாராட்டு வாங்குவது அவரா? அடுத்த கணம் புரிந்தது, இதைவிட நல்ல கத்தியை யாரும் அவள் கையில் கொடுத்துவிட முடியாது என்று.

"மேடம்" என்றாள், வீங்கிய கையைத் தூக்கிப் பிடித்து. "ரெண்டோட நிறுத்துறது நல்ல நர்ஸுக்கு அழகுன்னா, அதே வேலயச் செஞ்ச எனக்கு ஏன் மூண அடிச்சு ஒண்ணு போட்டாங்க? பேஷன்ட் வீட்டு ஆளுங்க முன்னால மூஞ்சியக் கண்ணாடில பாருன்னு ஏன் சொன்னாங்க?"



மேடம் பெரியக்கா பக்கம் மெதுவாகத் திரும்பினார். "நெசமா?"

பெரியக்கா தட்டில் இருந்த ஊசியை ஒதுக்கி வைத்தார்.  "மாத்திடறேன்... அப்புறமா..."

"இப்பவே மாத்திடுங்கக்கா" என்றாள் மிளகா. "பேனா இந்தாங்க."

மேடத்தின் மேஜையில் இருந்த மார்க் தாளில் ஒன்று மூன்றானது. மிளகா அதோடு விடவில்லை. பேனாவைத் திரும்ப வாங்கிக்கொள்ளாமல் அப்படியே நின்றாள். மேடத்துக்குப் புரிந்தது. "உங்க நம்பரையும் பாத்துடுங்களேன்" என்றார். பெரியக்கா தன் நான்கை அடித்தார். தயங்கித் தயங்கி இரண்டு என்று எழுதினார்.

"ரெண்டுன்னா பழகுறப்ப பக்கத்துல ஒரு ஆள் நிக்கணும். யார் நிக்கிறீங்க?" என்றார் மேடம்.

எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். மிளகா கையைத் தூக்கினாள்.

"ஐசியூ பயிற்சி அடுத்த மாசந்தானே மேடம் ஆரம்பிக்குது? அதுவரைக்கும் தினமும் நான் நிக்கிறேன்."

பெரியக்கா நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கியிருந்தது. பாவம் என்று மிளகாவுக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, வலது சட்டைக் கையை மேலே சுருட்டினாள்.

"போய் வெந்நீரும் துணியும் எடுத்துட்டு வாங்கக்கா. சீக்கிரம். எனக்கு இன்னொரு கை இருக்கு."