உழுத பாதி, உழாத பாதி

மண் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்த தங்கைக்குக் காலையிலிருந்தே இருப்புக்கொள்ளவில்லை. மூன்று வருடமாக மழை காணாத அக்காவின் நிலத்து மண் அவள் மேசைமேல் இருந்தது. அதில் தண்ணீர் விட்டால் உள்ளே இறங்காமல் முத்து முத்தாக மேலேயே நின்றது. அக்காவோ பொறுக்காமல் போன் செய்துவிட்டாள்.

"டிராக்டருக்குச் சொல்லிட்டேன்டி. நாளைக்கு ஆழமா உழுது எரு போடப் போறேன்."

"வேணாங்கா. மேல காஞ்சிருக்கற பொருக்குதான் மண்ணைப் பிடிச்சு வச்சிருக்கு. உடைச்சா காத்துல போயிடும். மழை வர்ற வரைக்கும் தொடாத."

"சாகக் கிடக்கறவளைத் தொடாதன்னு எந்த டாக்டர் சொல்வான்?"

மறுநாள் தங்கை லீவு போட்டுவிட்டு முதல் பஸ்ஸில் ஓடினாள். போய்ச் சேர்வதற்குள் பாதி நிலம் உழுதாகிவிட்டது. நேரே போய் டிராக்டர் முன்னால் நின்றுகொண்டாள்.

"நீங்க பேசி முடிங்க, நான் டீ குடிச்சிட்டு வரேன்" என்று டிரைவர் நழுவினார். திரும்பி வரவே இல்லை.

நான்காம் நாள் காற்று கிளம்பியது. உழுத பாதியின் மேல்மண் எருவோடு எழுந்து போய் ஊரார் காயப்போட்ட துணிகளில் படிந்தது. போனில் அக்கா, "ஜெயிச்சிட்டியா?" என்று மட்டும் கேட்டாள்.

ஒன்றரை மாதம் கழித்து மழை பெய்தது. தங்கை போய்ப் பார்த்தாள். உழாத பாதியில் தண்ணீர் தட்டில் ஊற்றியதுபோல வழிந்து ஓடைக்குப் போய்க்கொண்டிருந்தது. நகத்தால் கீறினாள். அடியில் ஈரமே இல்லை.

"நானும் கோட்டை விட்டுட்டேங்கா."

அக்கா கடப்பாரையை எடுத்துவந்தாள். சரிவுக்குக் குறுக்கே வரிவரியாக மட்டும் இருவரும் பொருக்கை உடைத்தார்கள். வரிகளில் எரு போட்டு வைக்கோலால் மூடினார்கள். கை கொப்பளித்தது. அடுத்த மழையில் தண்ணீர் அங்கே நின்று இறங்கியது. பத்து நாளில் வரிகளில் புல் தலைகாட்டியது.

உழுத பாதியும் மழையைக் குடிக்கத்தான் செய்தது. முளைக்க வைக்கத்தான் அங்கே நல்ல மண் மிச்சமில்லை.

"அந்தப் பாதிக்கு என்னடி செய்யலாம்?"

"தெரியலக்கா."

"இதைச் சொல்லவா இவ்வளவு படிச்ச?" அக்கா சிரித்துவிட்டாள்.

தங்கைக்குச் சிரிப்பு வரவில்லை. பையிலிருந்து மண் எடுக்கும் குழாயை உருவிக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தாள்.